சஜ்தாவில் நான் இல்லாத நேரம்

1

இங்கே, வெளிநாட்டில், ஒவ்வொரு வீட்டுக் கூரையிலும் புகை வந்தால் கத்தும் மணி ஒன்று ஒட்டியிருக்கும். தோசைக்கல் சற்று அதிகமாகக் காய்ந்தாலே ஊரைக் கூட்டும். வந்த புதிதில் அதன் கீழே நின்று துணியை விசிறுவதே எனக்குப் பாதி சமையல். போன ரமலானில், ஒரு செவ்வாய்க்கிழமை மாலை அஸர் தொழுகை நேரத்தில், அது கத்தியபோது நான் அதே வீட்டின் முன்னறையில் நெற்றியைத் தரையில் வைத்து சஜ்தாவில் இருந்தேன். அது என் காதில் விழவே இல்லை.

ஆம்பூரில் என்னைத் தெரிந்தவர்கள் இதைப் படித்தால் ஆச்சரியப்பட மாட்டார்கள். "நஸீமா தொழுவ நின்னா இடி வுழுந்தாலும் தெரியாது" என்று பெருமையாகச் சொல்வார்கள். அந்தப் பெருமையை வைத்துக்கொண்டு நான் பட்ட பாட்டைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எனக்கு இருப்பது ஒரு நோய். இங்குள்ள மருத்துவர் அதை டிசோசியேட்டிவ் டிஸார்டர் என்றார். தமிழில் தேடினால் "விலகல் கோளாறு" என்று வருகிறது. அதைப் படித்தால் தலாக் நோட்டீஸ் மாதிரி இருக்கிறது. என் மொழியில் சொன்னால், உடம்பு இருந்த இடத்தில் இருக்கும், நான் இருக்க மாட்டேன்.

எங்கே போகிறேன் என்று கேட்காதீர்கள். எங்கேயும் போவதில்லை. நடுவில் ஒரு துண்டு நேரம் வெட்டி எடுத்ததுபோல் காணாமல் போகும். சில சமயம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டு யாரோ ஒருத்தி பாத்திரம் கழுவுவதைப் பார்ப்பேன். அந்த ஒருத்தி நான்தான் என்பது தெரியும், ஆனால் நம்ப முடியாது.

2

சின்ன வயதில், பேர்ணாம்பட்டில், எனக்கு ஒன்று நடந்தது. அதைச் செய்தவர் இறந்துவிட்டார். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத மாட்டேன். அதிலிருந்துதான் இது வந்தது என்று இங்கே சொன்னார்கள். அப்போது அந்த இடத்தை விட்டு நகர முடியாத குழந்தை, உடம்பை விட்டுவிட்டு ஓடக் கற்றுக்கொண்டதாம். ஓடக் கற்றுக்கொண்டது, நிறுத்தக் கற்றுக்கொள்ளவில்லை.

அம்மா இதை வேறு மாதிரி புரிந்துகொண்டார். பேசிக்கொண்டே இருந்த பெண் திடீரென்று சுவரைப் பார்த்து நின்றால் எந்த அம்மாவுக்குத்தான் பயம் வராது? ஓதிப் பார்க்கிறவரிடம் கூட்டிப்போனார். அவர் ஜின் என்றார். கையில் ஒரு தாவீஸ் தாயத்து, கழுத்தில் ஒரு தாவீஸ், வெள்ளிக்கிழமைதோறும் ஓதி ஊதிய தண்ணீர். எனக்கு அந்தத் தண்ணீர் பிடிக்கும். குடிக்கும்போது அம்மா என் முதுகைத் தடவிக்கொண்டே இருப்பார். நிக்காஹ் பேசும்போது தாவீஸ்களைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டு, "அங்க போயி வாயத் தொறக்காத. ஒரு தடவ ஜின்னுன்னு பேரு வந்துச்சுன்னா அவ்ளோதான், திருப்பி அனுப்பிடுவாங்க" என்றார்.

என் கணவர் சலீம் அப்போது ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையின் ஆய்வுக்கூடத்தில் இருந்தார். வீடு தோல் கிடங்குகளுக்குப் பின்னால். காலையில் ஷூ கம்பெனி பஸ்கள் பெண்களை ஏற்றிக்கொண்டு போகும் சத்தமும், தெற்குக் காற்று அடித்தால் தோல் ஊறும் நாற்றமும் வரும். நாற்றம் என்று நான் சொன்னால் மாமி, சலீமின் அம்மா, "அது நாத்தம் இல்லமா, நம்ம சோறு" என்பார்கள். மாமி லேசுப்பட்டவர்கள் இல்லை. கறிக்கடைக்காரர் எலும்பை அதிகம் போட்டால் பொட்டலத்தைத் திருப்பி எடுத்துப்போய்க் கடை வாசலிலேயே பிரித்துக் காட்டுவார்கள். பின்னால் என்னிடம் அப்படி ஒரு பணிவு காட்டிய அதே மனுஷிதான்.

கல்யாணமான சில வாரங்களிலேயே, லுஹர் தொழுகையில் சஜ்தாவுக்குப் போன நான் அப்படியே தொலைந்துபோனேன். திரும்பி வந்தபோது பக்கத்தில் மாமி. முடிந்தது கதை, பெட்டியைக் கட்ட வேண்டியதுதான் என்று நினைத்தேன். மாமியோ கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்துபோய்ப் பக்கத்து வீட்டு அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார்கள்: "எம்மாம் நேரம் சஜ்தாவுல கெடந்துச்சு தெரியுமா? நம்மளுக்கு ரெண்டு நிமிசத்துல அடுப்பு நெனப்பு வந்துடுது. இந்தப் பொண்ணு அல்லாகிட்ட உருகுதுமா."

நான் வாயைத் திறக்கவில்லை. அந்த வீட்டில் எனக்குக் கிடைத்த இடம் அது ஒன்றுதான். வேறு எது என்னை அங்கே நிறுத்தியிருக்கும்?

அதன்பிறகு என் தொழுகை விரிப்பின் அருகே வந்து உட்கார்ந்து, நான் சலாம் கொடுத்துத் தொழுகையை முடிக்கும்வரை காத்திருந்து தங்களுக்காக துஆ செய்யச் சொல்லிக் கேட்பது தெருவில் வழக்கமாகிவிட்டது. சலீமின் தங்கை ரிஹானாவுக்குப் பிரசவம் சிக்கலாகி வேலூரில் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். தாய், பிள்ளை இரண்டில் ஒன்றுதான் என்று டாக்டர் கைவிரித்துவிட்டதாகச் செய்தி வந்தது. மாமி என்னைத் தொழ நிறுத்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். நான் சஜ்தாவுக்குப் போனது ஞாபகம் இருக்கிறது. அடுத்தது மாமி என் தோளைக் கட்டிக்கொண்டு அழுததுதான். போன் வந்திருந்தது, இரண்டு உயிரும் பிழைத்திருந்தன. அன்றிலிருந்து என் பேரைச் சொல்லாமல் அந்த வீட்டில் யாரும் பரீட்சைக்குப் போனதில்லை.

3

சலீமுக்குத் தோல் ரசாயன கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்து இந்த நார்த்தாம்ப்டனுக்கு வந்தோம். இதுவும் ஒரு காலத்தில் செருப்பு ஊர்தான். ஆனால் நாற்றம் மட்டும் கிடையாது. மாமி கேட்டால் இங்கே சோறே இல்லை என்பார்கள்.

இங்கே எனக்கு நோய் ஜாஸ்தியானது. ஊரில் எந்நேரமும் யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். இங்கே காலை எட்டு மணிக்குக் கதவு சாத்தினால் பிறகு என் பேரை உச்சரிக்க ஆள் இல்லை. ஒருநாள் மூத்தவள் சஃபியாவை அழைத்துவரப் பள்ளிக்குக் கிளம்பினேன். இருட்டிய பிறகு வேறு ஏதோ பஸ் நிறுத்தத்தில் நனைந்துபோய் நின்றேன். சஃபியா பள்ளி அலுவலகத்தில் உட்கார்ந்து அழுதிருக்கிறாள். அதன்பிறகுதான் டாக்டர்.

எனக்குத் தமிழில் பேசப் போன் வழியாக ஒரு மொழிபெயர்ப்பாளரைத் தந்தார்கள். யாழ்ப்பாணத்துப் பெரியவர், நல்ல மனிதர். சஜ்தாவில் இருக்கும்போது போய்விடுகிறேன் என்றேன். "சஜ்தா எண்டால் என்ன பிள்ளை?" என்றார். நெற்றியைத் தரையில் வைப்பது என்றேன். அவர் ஆங்கிலத்தில் என்ன சொன்னாரோ, டாக்டர் அவசரமாக என் தலையில் அடிபட்டிருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். அது சரியாகி, காத்திருப்போர் வரிசையில் மாதக்கணக்கில் நின்று, கடைசியில் ஒரு நிபுணரிடம் போய்ச் சேர்ந்தேன். நான் தொழுவதை நிறுத்தச் சொல்வார் என்று பயந்துகொண்டே போனேன். அவர் நிறுத்தச் சொல்லவில்லை. "தொழும்போது பக்கத்தில் யார் இருப்பார்கள்?" என்று மட்டும் கேட்டார்.

என் சந்தேகத்தை ஆம்பூர் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடமும் போனில் கேட்டேன், பேரைச் சொல்லாமல். ஒரு பெண் தொழுகையில் தன்னை மறந்துபோகிறாள், அது வணக்கமா, குற்றமா? அவர் நிதானமாகச் சொன்னார்: "புத்தி கைல இல்லாத நேரத்துக்கு அல்லா கணக்குக் கேக்க மாட்டான்மா. எத்தன ரக்அத் தொழுதோம்னு சந்தேகம் வந்தா கம்மியான கணக்க எடுத்துக்குங்க. பக்கத்துல யாரயாவது உக்கார வச்சிக்குங்க. வைத்தியம் பாருங்க." இரண்டு பேரும் ஒரே யோசனையைச் சொன்னது எனக்குப் பெரிய நிம்மதி.

பக்கத்தில் உட்கார்ந்தவள் சஃபியா. தொழவைக்கும் இமாம் தவறினால் பின்னால் நிற்கும் பெண்கள் தங்கள் புறங்கையில் தட்டி உணர்த்துவார்கள். அந்த வழக்கத்தைத்தான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். சஜ்தாவில் நான் அதிக நேரம் இருந்தால் தட்டுவாள். வரவில்லையென்றால் எதிரே வந்து உட்கார்ந்து என் பேர், ஊர், கிழமை, தன் பேர் எல்லாம் சொல்லுவாள். பதினாறு வயதுப் பெண். அவளை நீ ஏன் தொழுவதில்லை என்று ஒருநாள் திட்டினேன். "நானும் சஜ்தா போய்ட்டா ஒன்ன யாரு பாக்கறது?" என்றாள்.

காரோட்டும் உரிமத்தையும் ஒப்படைக்க வேண்டியிருந்தது. இந்த நோய் இருந்தால் உரிமத் துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆம்பூரில் அந்தச் செய்தி "மார்க்கப் பேணுதல் ஜாஸ்தி, அதனால வண்டி ஓட்றத உட்டுடுச்சு" என்று பரவியது. சலீம் மறுக்கவில்லை. சிரித்துவிட்டு விட்டுவிட்டார்.

4

மாமி விசா கிடைத்து ரமலானுக்கு முன்பே வந்துவிட்டார்கள். பெட்டியில் எங்களுக்கு மக்கன் பேடா இனிப்பு. எனக்குத் தனியாக ஒரு பை, அதில் சின்னச் சின்னத் துணி முடிச்சுகள், தெருப் பெண்கள் கொடுத்தனுப்பிய சர்க்கரை. நான் ஓதி ஊதித் திருப்பி அனுப்ப வேண்டுமாம். அந்தப் பையைக் கையில் வாங்கியபோதே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய்விடுவேன் போலிருந்தது.

சலீமிடம், "மாமிகிட்ட சொல்லிடலாம்" என்று நான் ஆரம்பிக்கவே விடவில்லை. "ஒனக்கு இன்னா பைத்தியமா?" என்றவர், சொன்ன பிறகுதான் சொல்லை உணர்ந்து நாக்கைக் கடித்துக்கொண்டார். "ஆறே மாசம். அதுவரைக்கும் சமாளி. ஊருக்குத் தெரிஞ்சா நாளைக்கு சஃபியாவுக்கு எவன் பொண்ணு கேட்டு வருவான்?"

அவர் சொன்னதும் பொய்யில்லை. ஆனால் மாமி வந்த நாளிலிருந்து சஃபியாவால் எனக்காகத் தட்ட முடியவில்லை. கையைத் தூக்கினாலே மாமி, பிள்ளைகளுக்குத் தாதி, அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வார்கள். "தாதி சொன்னாக் கேளு. அவங்க எங்க இருக்காங்கன்னு நமக்குத் தெரியாது. கலைக்கக் கூடாது."

5

இனி வருவதை நான் பார்க்கவில்லை. சஃபியாவும் மாமியும் தனித்தனியாகச் சொன்னதைச் சேர்த்து எழுதுகிறேன். இருவரும் சொன்னது பெரும்பாலும் ஒத்துப்போகிறது.

நோன்புக் கஞ்சியைச் சின்ன சூட்டில் வைத்துவிட்டு அஸருக்குக் கைகால் கழுவினேன். பக்கத்து அடுப்பில் வடைக்கு எண்ணெய். அதை அணைத்தேன் என்றுதான் நினைத்தேன். அணைக்கவில்லை. நாலு வயது இளையவள் ஹஃப்ஸா முன்னறையில் சமையலறைச் சுவரை ஒட்டிய சோபாவில் தூங்கிக்கொண்டிருந்தாள். சஃபியா பள்ளியிலிருந்து இன்னும் வரவில்லை. மாமி எனக்குப் பக்கத்தில் தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

மணி கத்தியது. மாமி அது பக்கத்து வீட்டு வண்டியின் அலாரம் என்று நினைத்தார்கள். பிறகு புகை. எழுந்து போய்ப் பார்த்தால் எண்ணெயில் நெருப்பு. இங்கே அடுப்பு என்பது வெறும் கண்ணாடிப் பலகை. திருக வேண்டிய குமிழே கிடையாது, விரலால் தொட வேண்டும். மாமி தொட்டுத் தொட்டுப் பார்த்திருக்கிறார்கள், ஈரக்கைக்கு அது அசையவில்லை. பிடிதுணியை வீசியதில் துணியும் பற்றிக்கொண்டது.

ஓடிவந்து என்னைக் கூப்பிட்டார்கள். தொடவில்லை. சோபா இருந்தது அந்தப் பக்கம், அங்கே போக வேண்டுமென்றால் என் விரிப்புக்கு முன்னால் கடக்க வேண்டும். தொழுகிறவருக்கு முன்னால் கடக்கக் கூடாது என்று ஐந்து வயதிலிருந்து கேட்டு வளர்ந்த கால்கள், அந்த இடத்தில் நின்றுவிட்டன. "இதோ சலாம் குடுத்துடுவா, இதோ குடுத்துடுவான்னு நின்னேன்" என்று மாமி பிறகு சொன்னார்கள். நெருப்பென்றால் தொழுகையை முறிக்கலாம் என்பது மாமிக்குத் தெரியாததா? தெரியும். ஆனால் அங்கே கிடந்தது சாதாரணத் தொழுகையாளி என்று அவர்கள் நினைக்கவில்லையே.

சாவி போட்டு உள்ளே வந்த சஃபியா பையை எறிந்துவிட்டு மெயின் சுவிட்சை அணைத்தாள். ஈரத் துண்டைப் பிழிந்து வாணலி மேல் போர்த்தினாள். இருமிக்கொண்டிருந்த ஹஃப்ஸாவைத் தூக்கிவந்து வாசலில் நிறுத்திவிட்டு என்னிடம் வந்தாள். மாமி குறுக்கே கையை நீட்டினார்கள்.

"முன்னாடி போவாதடி!"

"தாதி, வுடுங்க! அவங்க தொழுவல. அவங்க இங்கயே இல்ல!"

எனக்கு முதலில் வந்தது சத்தம் இல்லை, கம்பளத்தின் நெடி. பிறகு புறங்கையில் தட்டும் ஓசை. பிறகு குரல். "நஸீமா. நார்த்தாம்ப்டன். இன்னிக்கு செவ்வாய்க்கெழம. நான் சஃபியா. நஸீமா." கண்ணைத் திறந்தபோது என் பெண்ணின் முகம் கரியும் கண்ணீருமாக என் நெற்றிக்கு எதிரே தரையோடு தரையாக இருந்தது. அவளுக்குப் பின்னால் மாமி. மாமியின் முகத்தில் அப்போது இருந்தது கோபம். பெற்றவளைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறாளே என்ற கோபம்.

ஹஃப்ஸாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. அல்ஹம்துலில்லாஹ். சுவர் மட்டும் கருத்துப்போனது.

நோன்பு திறந்தபிறகு சஃபியா என்னைத் தனியாக மாடிக்கு இழுத்துப்போனாள். "நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா? நாளைக்கு நான் ஸ்கூலுக்குப் போய்டுவேன். ஹஃப்ஸா இங்கதான் இருப்பா."

6

மறுநாள் காலை மாமி கரிப்பிடித்த வாணலியை இரும்பு நாரால் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். தூக்கிப் போட்டுவிடலாம் என்றால் கேட்கவில்லை. நான் பக்கத்தில் பூண்டு உரித்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய்விடாமல் இருக்க, ஒவ்வொரு பல்லையும் நகத்தால் அழுத்திக்கொண்டே சொன்னேன்.

"மாமி, எனக்கு ஒரு நோவு இருக்குது. சின்னதுலருந்து."

எல்லாவற்றையும் சொன்னேன். பேர்ணாம்பட்டை, தாவீஸ்களை, பஸ் நிறுத்தத்தை, டாக்டரை. சஜ்தாவில் நான் அல்லாஹ்விடம் உருகியதில்லை, அங்கே நான் இருந்ததே இல்லை என்றேன். நார் தேய்க்கும் சத்தம் நிற்கவே இல்லை. எல்லாம் சொல்லி முடித்தபிறகு நின்றது.

"யாரு அவன்? ஒன்ன சின்னதுல..."

"செத்துட்டாரு மாமி."

"செத்துட்டானா. சரி." மறுபடியும் தேய்த்தார்கள். பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டார்கள்: "அப்போ எங்க ரிஹானா ஆஸ்பத்திரில கெடந்தன்னிக்கு?"

பொய் சொல்லியிருக்கலாம். அந்த ஒரு நாளை மட்டும் விட்டுவைத்திருக்கலாம். வயதான மனுஷி, இத்தனை வருடமாக அதைப் பிடித்துக்கொண்டு வாழ்ந்திருக்கிறார்கள். எனக்கும் அந்த ஒரு நாள் வேண்டியிருந்தது.

"அன்னிக்கும் நான் இல்ல மாமி. நான் ஒண்ணும் கேக்கல."

மாமி வாணலியைக் கழுவிக் கவிழ்த்தார்கள். கையைத் துடைத்துக்கொண்டு அறைக்குள் போய்விட்டார்கள்.

7

வெள்ளிக்கிழமைவரை என்னோடு பேசவில்லை. பேரீச்சம்பழத் தட்டைத் தள்ளிவைப்பார்கள், அவ்வளவுதான். தொழும்போது பக்கத்தில் வந்து உட்காரவில்லை. சர்க்கரை முடிச்சுப் பையைத் தன் பெட்டிக்குள் எடுத்து வைத்துக்கொண்டார்கள். எனக்கு அது வலித்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. நோய்க்குக் கிடைத்த மரியாதைதான், ஆனாலும் மரியாதை. அது இல்லாமல் அந்தக் குடும்பத்தில் நான் யார் என்று எனக்குத் தெரியவில்லை. டிக்கெட்டை முன்கூட்டி மாற்ற முடியுமா என்று மாமி கேட்டதாக சலீம் சொன்னார். "நான் அப்பவே சொன்னேன் இல்ல" என்ற முகத்தோடு இரண்டு நாள் வளைய வந்தார்.

வெள்ளிக்கிழமை சஃபியா பள்ளி விட்டு வந்த பிறகு ஆம்பூரிலிருந்து போன். ரிஹானா. மாமிக்குக் காது மந்தம், எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார்கள். நான் கருத்த சுவரைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"மா, எம் பையனுக்குப் பரீச்ச வருது. அண்ணிகிட்ட சொல்லி துஆ கேக்கச் சொல்லேன். பக்கத்துல இருக்காங்களா?"

சஃபியா படித்துக்கொண்டிருந்த புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினாள். நான் துணியை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். தெருவே அந்தப் போனில் காதை வைத்திருப்பதுபோல் இருந்தது.

"அவளாண்ட கேக்காத" என்றார்கள் மாமி.

"ஏம்மா? இன்னா ஆச்சு?"

"இன்னாத்துக்கு அவள பேஜார் பண்றீங்க எல்லாரும்? நீ ஆஸ்பத்திரில கெடந்தியே, அன்னிக்கு ஒனக்காக யாருடி கேட்டது? அவளா? பக்கத்துல உக்காந்துனு கண்ணு தண்ணி உட்டுனு கேட்டது நான். பெத்தவ நான் கேட்டேன். அல்லா குடுத்தான். இதுல அவ தலைல எல்லாத்தையும் தூக்கி வச்சது நம்ம தப்பு. அவளுக்கு ஒடம்பு சரியில்ல, ரிஹானா. சின்னதுலருந்தே சரியில்ல. அவ நம்ம வூட்டுக்கு வந்து இத்தன வருசத்துல ஒருத்திகூட அவளுக்கு இன்னான்னு கேக்கல."

மாமி மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்கள்.

"தெருவுல எல்லார்கிட்டயும் சொல்லு. இனிமே அவகிட்ட கேக்கறது வாணாம். நீங்க எல்லாரும் அவளுக்குக் கேளுங்க."

ரிஹானா அழுகிறாளா என்று தெரியவில்லை, குரல் மட்டும் சிறுத்திருந்தது. "இன்னான்னு கேக்கறது மா?"

மாமி என் பக்கம் திரும்பினார்கள். செவ்வாய்க்குப் பிறகு அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தார்கள்.

"சொல்லுமா. இன்னான்னு கேக்கச் சொல்லட்டும்?"

இத்தனை வருடத்தில் பரீட்சை, பிரசவம், விசா என்று எத்தனையோ பேரின் தேவைகளைக் காதில் வாங்கியிருக்கிறேன். என்னுடையது என்ன என்று யாரும் கேட்டதில்லை, நானும் எடுத்து வைத்திருக்கவில்லை. சஃபியா எழுந்து வந்து என் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இருக்கற எடத்துல நான் இருக்கணும்னு கேக்கச் சொல்லுங்க மாமி."

மாமி போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய், ஒரு வார்த்தை விடாமல் அதை ரிஹானாவிடம் சொன்னார்கள்.